ஏர் டிரில் என்று சொல்லி வாடகைக்கு வரும் விதைப்புக் கருவி: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் கவனிக்கவும்

புழுதி விதைப்புக்கு, அதாவது மழைக்கு முன்னே காய்ந்த மண்ணில் விதைப்பதற்கு, டிராக்டர் டிரில் வாடகைக்குப் பேசப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். "வெளிநாட்டு ஏர் டிரில், விதையும் உரமும் ஒரே சீராக விழும்" என்று வாட்ஸ்அப்பில் வீடியோவோடு ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அந்த ஆளிடம்தான் நானும் பேசினேன்.

வீடியோவில் ஓடுவது கனடா, ஆஸ்திரேலியாவில் கோதுமை விதைக்கிற நிஜமான ஏர் டிரில். தொட்டியிலிருந்து அளந்து விழும் விதையை விசிறிக் காற்று தள்ளிக்கொண்டு போய்க் குழாய் குழாயாகப் பிரித்துவிடும். காற்று குறைந்தால் குழாய் அடைக்கும், கூடினால் விதை உடையும். அவ்வளவு நுணுக்கமான சாமான். என் வயலில் வந்து இறங்கியதோ ஒன்பது கொழு (மண்ணைக் கீறி விதை விடும் முனை) வைத்த சாதா டிரில். விசிறியே இல்லை. கேட்டதற்கு, "காத்து மாதிரி ஓடும்ணே, அதான் ஏர் டிரில்" என்று சிரிக்கிறார் டிரைவர்.

சாதா டிரில் ஒன்றும் மட்டமில்லை, அளவு வைத்து ஓட்டினால் நன்றாகவே விதைக்கும். அந்த அளவு வைக்கிற வேலையைத்தான் இவர்கள் செய்வதில்லை. கணக்கு சுலபம். ஒன்பது கொழு, இடைவெளி 20 செ.மீ. என்றால் அகலம் 1.8 மீட்டர். தரையில் உருண்டு விதையை விழ வைக்கும் தரைச்சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்று வையுங்கள். கருவியைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை 20 சுற்று சுற்றினால் 54 சதுர மீட்டர் விதைத்ததற்குச் சமம், அதாவது ஏக்கரில் 75-ல் ஒரு பங்கு. ஏக்கருக்கு 30 கிலோ நெல் போக வேண்டுமானால் மொத்தம் 400 கிராம் விழ வேண்டும். குழாய்க்கு 45 கிராம் வாக்கில். ஒவ்வொரு குழாயிலும் ஒரு பையைக் கட்டி நிறுத்துப் பார்த்தால் எது அடைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இதைச் செய்யச் சொன்னேன். "நேத்து கல்லல் ஊர்ல இதே அளவுலதான்ணே ஓட்டுனேன்" என்றார். அங்கே விதைத்தது உளுந்து!

அப்புறம் உரப்பெட்டி. பழைய டி.ஏ.பி. உரம் உள்ளே கல்லாக இறுகி, உரத்தை அளந்து விடும் உருளையே சுற்றவில்லை. அதற்கு அவர் கண்ட வழி, நெல்லையும் டி.ஏ.பி.யையும் கலந்து விதைப்பெட்டியிலேயே கொட்டியது. நான் மறுகோடியில் நின்ற நேரத்தில் நடந்தது இது. குருணை உரம் கனம், உருண்டையாக வழுக்கும். நெல் லேசு, சொரசொரப்பு. ஓடுகிற அதிர்ச்சியில் இரண்டும் பிரிந்துவிடும். ஒரு பக்கம் உரமாக விழும், இன்னொரு பக்கம் வெறும் நெல். போதாததற்கு, வண்டி நிற்கும்போதே கருவியை இறக்கியதில் கொழுவின் வாயில் மண் ஏறி இரண்டு குழாய் அடைத்துக்கொண்டது. போன வேகத்தில் தரைச்சக்கரமும் மண்கட்டிமேல் குதித்துக் குதித்துத்தான் சுற்றியது.

ஏக்கர் கணக்கில் பேசிவிட்டு, கடைசியில் மணிக்கணக்கில் வாடகை கேட்டார்கள். அடைப்பு எடுத்த நேரமும் அதில் சேர்த்தி.

இப்போது வயலில் நீள நீளமாக இரண்டு சால் வெற்றிடம். அதில் கோரை. திருப்பத்தில் மட்டும் பயிர் கொத்துக் கொத்தாக நிற்கிறது. போன் செய்தால் "மழை சரியில்லைண்ணே" என்கிறார். பக்கத்து வயலில் கையால் வீசிய நெல் அதே மழையில்தான் முளைத்திருக்கிறது.

வாடகைக்கு வேளாண் பொறியியல் துறையின் கருவிகளை உழவன் செயலியில் பாருங்கள். விதை அளவு, உர அளவில் சந்தேகம் இருந்தால் செட்டிநாடு மானாவாரி ஆராய்ச்சி நிலையத்திலோ குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம். தனியாரிடம்தான் பேச வேண்டும் என்றால், ஏக்கருக்கு இவ்வளவு, அடைப்பு எடுக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது என்பதை வாட்ஸ்அப்பில் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.