விர்ட்டியோ-ஐஓஎம்எம்யு: விஐஓடி அட்டவணை வந்த பிறகு ஓட்டிப் பார்த்தது

அக்கா மகன் பினாங்கில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறான். சுங்கை டுவாவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது, "மாமா, என் மெஷின் ஏஎம்டி, அப்புறம் ஏன் கெஸ்ட்டுக்குள்ள இன்டெல் ஐஓஎம்எம்யு போடச் சொல்றாங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்காகவே, ஒரு மெஷினுக்குள் இன்னொரு மெய்நிகர் மெஷினை (அதுதான் கெஸ்ட்) ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யுவில் இருக்கும் விர்ட்டியோ-ஐஓஎம்எம்யுவை வீட்டில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன்.

நெட்வொர்க் கார்டு மாதிரி சாதனங்கள் மெமரியை நேரடியாகத் தொடும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காவல் காப்பதுதான் ஐஓஎம்எம்யு. கெஸ்ட்டுக்குள் போடும் இன்டெல் ஐஓஎம்எம்யு, அந்தச் சிப்பைப் போல மென்பொருள் போடும் வேஷம்தான், அதனால் உன் மெஷின் ஏஎம்டியாக இருந்தாலும் ஓடும். விர்ட்டியோ வகை எந்த நிஜச் சிப்பையும் போல வேஷம் போடுவதில்லை. "இந்த முகவரியை இணை, இதை எடு" என்று கெஸ்ட் ஒரு கியூ வழியாக நேராகக் கேட்கிறது, அவ்வளவுதான். இதன் டிரைவர் 2019இல் லினக்ஸ் 5.3இலேயே வந்துவிட்டது, ஆனால் பிசி பக்கம் ரொம்ப நாள் பயன்படுத்த வழியில்லாமல் கிடந்தது. காரணம், எந்தச் சாதனம் எந்த ஐஓஎம்எம்யுவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது கெர்னல் அந்தச் சாதனத்தை எழுப்புவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும், பிசியில் அதைச் சொல்வது ஃபர்ம்வேர் தரும், வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள், அவற்றிலோ இன்டெலுக்கு டிஎம்ஏஆர், ஏஎம்டிக்கு ஐவிஆர்எஸ், ஆர்முக்கு ஐஓஆர்டி என்று ஆளுக்கு ஒன்று. யாருடைய சிப்பும் இல்லாத மெய்நிகர் வன்பொருளுக்கு அப்போது ஒன்றுமே இல்லை.

இஷ்டத்துக்கு ஒரு அட்டவணையைச் சேர்த்துவிடவும் முடியாது. ஏசிபிஐ விவரக்குறிப்பு 2013 முதல் ஃபர்ம்வேர் தரநிலைகளைப் பார்த்துக்கொள்ளும் யூஇஎஃப்ஐ ஃபோரத்திடம் இருக்கிறது, நான்கெழுத்துப் பெயர் ஒன்று உள்ளே போய்விட்டால் எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதை ஒரே அர்த்தத்தில் வருடக்கணக்கில் படிக்க வேண்டும். அந்தப் பொறுமையான வேலையில் வந்ததுதான் மெய்நிகர் ஐஓஎம்எம்யுவுக்கான அட்டவணையான விஐஓடி. 2021இல் லினக்ஸ் 5.14 அதைப் படிக்கத் தொடங்கியது, 2022இல் கியூஇஎம்யு 7.0 எழுதித் தந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதன் சிறிய அளவு. நான்கே வகைக் கணுக்கள் (பதிவுகள்): பிசிஐ வரம்பு, தனி எம்எம்ஐஓ (மெமரி முகவரி வழியாகப் பேசும்) சாதனம், பிசிஐயில் இருக்கும் விர்ட்டியோ-ஐஓஎம்எம்யு, எம்எம்ஐஓவில் இருப்பது. கெஸ்ட்டிலிருந்து அட்டவணையை எடுத்து, அதைப் படிக்கக்கூடிய எழுத்தாக மாற்றும் ஐஏஎஸ்எல் கருவியில் போட்டேன், ஒரு குவளை தே தாரிக் ஆறுவதற்குள் முழுதும் படித்து முடித்துவிட்டேன். டிஎம்ஏஆரை அப்படிப் படிக்க முடியாது.

முதல் சனிக்கிழமை மட்டும் வீணாகப் போனது. டெபியன் 11 கெஸ்ட்டில் சாதனம் பட்டியலில் தெரிகிறது, ஆனால் ஐஓஎம்எம்யு குழு (காவலுக்குள் சேர்ந்து வரும் சாதனங்களின் தொகுப்பு) ஒன்றுகூட உருவாகவில்லை. அதன் கெர்னல் 5.10, இந்த அட்டவணையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 6.1ஐ நானே கட்டி, கான்ஃபிகில் விர்ட்டியோ-ஐஓஎம்எம்யுவை உள்ளேயே சேர்த்த பிறகு குழுக்கள் வரிசையாக வந்து நின்றன. கெர்னலின் பதிப்பு, கான்ஃபிக் இந்த இரண்டையும் பார்க்காமல் யாரும் தொடங்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் கெஸ்ட், அதை ஓட்டும் நிஜ மெஷினான ஹோஸ்ட்டிடம் போய் வர வேண்டும், அதனால் அடிக்கடி மாற்றி மாற்றி இணைக்கும் வேலைக்கு இது மெதுவானது. நெட்வொர்க் பாக்கெட்டுகளை வேகமாகக் கையாளும் டிபிடிகே மாதிரி தொடக்கத்தில் ஒருமுறை இணைத்துவிட்டு ஓடுவதற்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிசியில் இதற்கு இன்டெரப்ட் ரீமேப்பிங் (சாதனங்கள் அனுப்பும் இன்டெரப்ட்டுகளைச் சரிபார்க்கும் வசதி) கிடையாது, ஆகவே கெஸ்ட்டுக்குள், சாதனத்தை நேரடியாக ஒரு புரோகிராமிடம் கொடுக்கும் விஎஃப்ஐஓவை ஓட்ட பாதுகாப்பில்லாத இன்டெரப்ட்டுகளை அனுமதிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கிற பிள்ளைகளின் சோதனை மெஷினுக்குச் சரி. வாடிக்கையாளர் வேலை ஓடும் சர்வரில் நான் அதைச் செய்யமாட்டேன், அங்கே இன்டெல் ஐஓஎம்எம்யுவையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுகிற கட்டளையை அவனுக்கு அனுப்பிவிட்டேன். அடுத்து யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு ஒரு ஆர்ம் கெஸ்ட்டை எழுப்பி, அங்கேயும் இதே விஐஓடி வருவதை இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கப்போகிறோம்.