மீன்குளத்து நாரையைத் தடுக்க ரிப்பனா, நரம்பா, வலையா?

என் மீன்குளத்தின் கரைச் சேற்றில் முன்னே மூன்று விரல், பின்னே ஒன்று என நீளமான நாரைத் தடம். பக்கத்திலேயே முதுகில் குத்துப்பட்டு மிதந்த கெண்டை. மீன் ஏன் குறைகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மினுக்கும் ரிப்பன், ப்ளாஸ்டிக் நாரை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலு நாள் மிரளும், அப்புறம் பழகிவிடும். என் ப்ளாஸ்டிக் நாரைக்குத் துணையாக நிஜ நாரையே வந்து நின்றது.

கரையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குள் இரண்டு வரிசை தூண்டில் நரம்பு கட்டுவது அதைவிடத் தேவலை. நாரை பெரும்பாலும் கரையில் இறங்கி, நடந்துதான் தண்ணீருக்குள் போகும். கால் தட்டினால் தயங்கும். ஆனால் மேலிருந்து நேரே பாயும் மீன்கொத்திக்கும், தண்ணீரிலேயே இறங்கி முங்கும் நீர்க்காகத்துக்கும் கரை நரம்பு ஒரு பொருட்டே இல்லை.

கடைசியில் வலைதான் போட்டேன். சின்னக் குளம் என்றால் இன்றும் அதையே சொல்வேன். ஆனால் வலை போட்டதோடு வேலை முடியாது, தொய்வு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சருகு விழும், மழையில் நனைந்து கனக்கும், நடுவில் தொங்கித் தண்ணீரைத் தொடும். அப்படித் தொட்ட இடத்தில் நாரை கண்ணி வழியாகவே அலகை விட்டுக் குத்தியதைப் பார்த்திருக்கிறேன். இப்போது குறுக்கே இரண்டு கம்பி இழுத்து, தண்ணீருக்கு மேலே ஒன்றரை சாண் விட்டுக் கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பேன். கயிற்றுக்கட்டில் மாதிரி எம்பினால் சரி, அமுங்கினால் முளையை இழுத்துக் கட்டவேண்டியதுதான்.

மெல்லிய இழை வலை மட்டும் வேண்டாம். முதலில் வாங்கியது அதுதான். ஒரு தண்ணீர்ப்பாம்பு பாதி உடம்பு நுழைத்து, செதில் மாட்டிப் பின்வாங்க முடியாமல் கிடந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி விடுவித்தேன். கண்ணுக்குத் தெரிகிற தடித்த கயிற்று வலையை விறைப்பாகக் கட்டினால் பறவைக்கும் சிக்கல் குறைவு.

பெரிய குளத்துக்கு வலை கட்டி மாளாது. அங்கே கரையைச் செங்குத்தாக வெட்டி, மூன்றடிக்கு மேல் ஆழம் வைத்தால் நாரையால் நடந்து இறங்க முடியாது. முங்கும் நீர்க்காகத்திடம் அந்த ஆழம் செல்லாது. அடியில் குழாய்த் துண்டுகள் போட்டால் மீன் ஒளியவாவது இடம் இருக்கும்.

நீர்நாய் இதுவரை என் பக்கம் வந்ததில்லை. வலை ஓரத்தை நெம்பி நுழையக்கூடிய பிராணி என்பதால், வந்தால் வேலிதான் போடவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.