ஐரோப்பாவில் அழகுப் பொருள் விற்க: லேபிளில் யார் முகவரி?

சோப்போ தலைமுடி எண்ணெயோ முகத்துக்குப் போடும் கிரீமோ, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க வேண்டுமானால் 1223/2009 என்ற ஒழுங்குமுறைக்குள் வந்தாக வேண்டும். 2013 ஜூலை 11 முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. புதிதாக ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் முதலில் சோதனைச் செலவைத்தான் கேட்பார்கள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் பொருளுக்கு அங்கே பொறுப்பாளர் யார்? ஆங்கிலத்தில் 'ரெஸ்பான்சிபிள் பர்சன்', தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'ஆர்.பி.' என்பார்கள். ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஆளோ நிறுவனமோ அந்தப் பொறுப்பை ஏற்காமல் ஒரு டப்பாவைக்கூட விற்க முடியாது.

அந்தப் பெயரும் முகவரியும் லேபிளில் அச்சாக வேண்டும். சில டப்பாக்களில் இரண்டு மூன்று முகவரிகள் இருக்கும், ஒன்றுக்கு மட்டும் அடிக்கோடு போட்டிருக்கும். பொருளின் தகவல் கோப்பு இருக்கும் இடம் அது. ஃபார்முலா, பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, தயாரிப்பு முறை, சொல்லிக்கொள்ளும் பலன்களுக்கான ஆதாரம் எல்லாம் அதில் இருக்கும். கடைசி பேட்ச் சந்தைக்குப் போன பிறகும் 10 ஆண்டுகள் அதை வைத்திருக்க வேண்டும்.

சட்டப்படி, இறக்குமதி செய்பவர்தான் இயல்பாகவே ஆர்.பி. தனிக் கட்டணம் இல்லை, உடனே வேலை ஆரம்பிக்கலாம். அதனால் பலர் இதில் விழுந்துவிடுகிறார்கள். எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. கோப்பு அவர் கைக்குப் போகும்போது, எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்ற உங்கள் தொழில் ரகசியமும் அவர் கைக்குப் போகிறது. உங்களிடம் விலை பேரம் பேசும் அதே மனிதர் அவர். நாளைக்கு அவரை விட்டு வேறொருவரிடம் போக நினைத்தால் லேபிளில் இருப்பது அவர் முகவரி. சிபிஎன்பி என்ற ஒன்றியத்தின் இணையப் பதிவும் அவர் கணக்கில் இருக்கும். லேபிளை மறுபடி அச்சடிக்க வேண்டும், பதிவையும் மாற்ற வேண்டும். இரண்டு நாடுகளில் இரண்டு இறக்குமதியாளர்கள் இருந்தால் சிக்கலும் இரட்டிப்பு.

இன்னொரு வழி, இதையே தொழிலாகச் செய்யும் தனி ஆர்.பி. நிறுவனம். ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும், சிறிய தயாரிப்பாளருக்கு அது சுமைதான். ஆனால் ஃபார்முலா விற்பனையாளரிடம் போகாது, எத்தனை இறக்குமதியாளர் மாறினாலும் லேபிள் மாறாது. சட்ட மாற்றங்களைக் கவனிப்பதும் அவர்கள் வேலை. ஜெல் நகப்பூச்சில் பயன்பட்ட டிபிஓ என்ற வேதிப்பொருள் 2025 செப்டம்பர் 1 அன்று தடையானபோது, கடையில் இருந்த சரக்கைத் தீர்க்கக்கூட அவகாசம் தரவில்லை. முன்கூட்டியே சொல்ல ஆள் இருந்தவர்கள் தப்பித்தார்கள். அடுத்தது வாசனைப் பொருள்: லேபிளில் பெயர் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் 50-க்கும் மேற்பட்டவை புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. புதிய பொருள்களுக்குக் கெடு 2026 ஜூலை 31, ஏற்கெனவே சந்தையில் இருப்பவற்றுக்கு 2028 ஜூலை 31.

இங்கேயும் ஏமாறலாம். சிபிஎன்பி எண்ணை 'ஐரோப்பிய அங்கீகாரம்' என்று விற்பவர்களை நம்பாதீர்கள். அது வெறும் அறிவிப்பு, பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. ஃபார்முலாவைப் பார்க்காமலே சரி என்று சொல்லும் நிறுவனத்திடம் போகவே வேண்டாம். பாதுகாப்பு மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் மருந்தியல், நச்சியல், மருத்துவம் அல்லது அதுபோன்ற துறையில் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். அவர் யார் என்று கேளுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் கோப்பு யாரிடம் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

சொந்தமாக அங்கே கம்பெனி தொடங்குவது விற்பனை நன்றாக வளர்ந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம். ஜெர்மனியில் ஒரு ஜிஎம்பிஹெச் (நம்மூர் பிரைவேட் லிமிடெட் போன்ற கம்பெனி) தொடங்கவே 25,000 யூரோ மூலதனம் காட்ட வேண்டும். கணக்காளர், அதிகாரிகளின் கடிதங்களுக்குப் பதில் என்று அதற்கு மேலும் செலவு ஓடும்.

அப்புறம், நம்மவர்கள் அடிக்கடி கேட்பது: "பாரிஸில் மாமா இருக்கிறார், அவர் முகவரியைப் போட்டுவிடலாமா?" தனி நபரும் ஆர்.பி. ஆகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் யாருக்காவது முகம் வெந்துபோனால் அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்க வேண்டியவர் அவர்தான். சரக்கைத் திரும்பப் பெற வேண்டியவரும் அவரே. கண்மையில் ஈயம் இருப்பது தெரிந்தால் அதிகாரிகள் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில். பாசத்தில் சரி என்று சொல்லிவிடுவார். தயவுசெய்து அவரிடம் கேட்காதீர்கள்.

தனி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு காகிதத்தை மறக்கக் கூடாது. இறக்குமதியாகும் பொருளுக்கு ஆர்.பி. பொறுப்பை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியவர் இறக்குமதியாளர். ஏற்பவரும் எழுத்தில் ஏற்க வேண்டும். முதல் பெட்டி கப்பலேறும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். லண்டனிலும் விற்பதாக இருந்தால் 2021 முதல் அங்கே தனி ஆர்.பி., தனிப் பதிவு. ஒன்றியத்து முகவரி மட்டும் அங்கே செல்லாது. வட அயர்லாந்து மட்டும் இன்னும் ஒன்றிய விதிகளோடு இருக்கிறது. அதனால் லேபிள் வடிவமைக்கும்போதே இரண்டாவது முகவரிக்கும் இடம் விட்டு வையுங்கள்.