திமில் உயர்ந்த குதிரைக்கு ஆட்டுத்தோல் திண்டு: 2 ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்றை வாங்கியிருக்கும் திருவொற்றியூர் நண்பர், சேணம் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றும், சேணத்துக்கு அடியில் நான் போடும் ஆட்டுத்தோல் திண்டைத் தானும் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். அதே திண்டைப் பெரியமேட்டில் மூன்றாவது முறையாகத் தைத்து வாங்கிக்கொண்டு மணலி புதுநகருக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஆகவே பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

என் முத்துவும் பந்தயத்தில் ஓடியவன்தான். 15 கை 3 அங்குலம் (ஒரு கை என்பது 4 அங்குலம்), அதாவது 63 அங்குல உயரம். கழுத்து முதுகோடு சேருமிடத்தில், தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகெலும்பு மேடாக எழும் பகுதியை, மாட்டுக்குச் சொல்வதுபோலத் திமில் என்றே எங்கள் லாயத்தில் சொல்கிறோம். இவனுக்கு அது கூரை முகடு போல் உயர்ந்து, அதன் இரு பக்கமும் தோளுக்குப் பின்னால் குழி விழுந்திருந்தது. போதாக்குறைக்கு, மார்பு ஆழமாகவும் வயிறு வேட்டைநாய்க்கு இருப்பதுபோல் பின்னோக்கி ஒடுங்கியும் இருப்பதால், வயிற்றுவாரும் மெல்ல மெல்லப் பின்னுக்கு நகரும்.

முதல் இரண்டு மாதங்கள் நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று, வாரை இறுக்குவது. "இன்னும் ஒரு ஓட்டை ஏத்திக் கட்டுங்க சார், எங்க போவுது பாக்கலாம்" என்பார் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சைஸ். அது போகத்தான் செய்தது. என் கான்பூர் சேணத்தின் முன் வளைவு இவனுக்கு அகலம் அதிகம். அதனால் முன்பக்கம் அந்தக் குழிகளுக்குள் அமிழ்ந்து, திமில் எலும்பின்மேல் உட்கார்ந்து, இரு பக்கமும் ஆடியது. வாரை இறுக்க இறுக்க அந்த எலும்புதான் கூடுதலாக நசுங்கியதே தவிர, ஆட்டம் நிற்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் தோல் புண்ணாகி, ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைத்திருக்கும். பின்னங்கால் நொண்டலாலும் சேணம் ஒரு பக்கமாகச் சாயும் என்பதால் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டினோம். கால்களில் குறையில்லை என்றார்கள். மார்புவார் போட்டதும் பின்னுக்கு நகர்வது நின்றது. ஆனால் மார்புவார் பின்னுக்குப் போவதைத்தான் பிடிக்கும், பக்கவாட்டில் சாய்வதைப் பிடிக்காது.

இந்தத் திண்டு வந்தது அதன் பிறகுதான். முதுகெலும்பு ஓடும் நடுக்கோட்டில் திறந்திருக்கும். அடியில் ஆட்டுக் கம்பளி, மேலே துணி, முன்னும் பின்னுமாக நான்கு பைகள், அவற்றில் செருகக் கம்பளித் தகடுகள். முன்பைகளில் இரண்டிரண்டு தகடுகளை வைத்துக் கட்டி, நான் ஏறி உட்கார்ந்த பிறகு, சைஸ் திமிலுக்கும் சேணத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாகப் போயிற்று. அன்று ஒரு மணி நேரம் கொசஸ்தலையாற்றுக் கரையில் ஓட்டிவிட்டு வந்து சேணத்தைக் கழற்றியபோது கண்டதை நான் மறக்க மாட்டேன். அதுவரை திமிலின் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு ஒன்று தெரியும். அளவுக்கு மீறி அழுந்துமிடத்தில் வியர்வை வராது. அன்று முதுகு முழுவதும் ஒரே சீராக நனைந்திருந்தது. தேய்த்துவிடும்போது எப்போதும் காதை மடக்கிக் கடிக்க வருபவன், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றான்.

இவ்வளவு நல்ல பொருளைச் செய்தவர்கள், அந்தப் பைகளின் வாயை மூட ஒட்டுப்பட்டையை (வெல்க்ரோ) ஏன் வைத்தார்கள் என்பதுதான் இரண்டு ஆண்டுகளாக எனக்கு விளங்காதது. குதிரை லாயத்தில் முடியும் வைக்கோலும் இல்லாத இடம் ஏது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலிருக்கும் பேன் சீப்பை எடுத்துவந்து, பட்டையின் கொக்கிகளில் சிக்கிய முடியை இழை இழையாக உருவுகிறேன். புதன்கிழமைக்குள் மறுபடி பிடிப்பு போய்விடுகிறது. போன மார்கழியில் வலப்பக்கப் பை திறந்து தகடு நழுவி விழ, பாதி ஓட்டத்தில் சேணம் வலப்பக்கம் சரிந்து, என் கால் அங்கவடியை விட்டு நழுவி, பிடரி மயிரைப் பிடித்துத் தொங்காத குறைதான். தகட்டை அரை மணி நேரம் தேடிக் கோரைப் புல்லுக்குள் கண்டெடுத்தேன்.

பைகளை மொத்தமாகத் தைத்து மூடிவிடலாம் என்றார் பெரியமேட்டுத் தோல் வேலைக்காரர். அது முடியாது. தீனியும் சரியான வேலையும் சேர்ந்து எட்டு மாதத்தில் திமிலோரத்துக் குழி தேறி, இரண்டு தகடு இருந்த இடத்தில் இப்போது ஒன்றே போதும் என்றாகிவிட்டது. எடுக்கவும் வைக்கவும் வாய் திறந்தாக வேண்டும். கடைசியில் பட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, தோலில் நாக்கும் பித்தளைப் பொத்தானும் வைத்துக் கொடுத்தார், 400 ரூபாய்க்கு. செய்தவர்களுக்கு இது தோன்றியிருக்கக் கூடாதா? ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கம்பளி நனைந்தால் மூன்று நாள் காயாமல் லாயமே நாறும் என்பது வேறு. அதற்கு எண்ணூர்க் காற்றையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

நண்பருக்கு ஒன்று: உங்கள் சேணத்தின் முன் வளைவு குறுகலாக இருந்தால் இந்தத் திண்டுப் பக்கமே போகாதீர்கள். கைக்குச் சிறிய வளையலைத் துணி சுற்றிய கையில் ஏற்றுவதுபோல் ஆகிவிடும். அகலம் என்றால் மட்டுமே இது உதவும். எதைப் போட்டாலும், அதன் முன்பக்கத்தைச் சேணத்தின் வளைவுக்குள் நன்றாக மேலே தூக்கிவிட்டு வாரைக் கட்டுங்கள். பத்தடி நடத்திவிட்டு மறுபடி ஒரு முறை இழுங்கள். தரையிலிருந்து தொங்கி ஏறாமல் ஒரு முக்காலியின்மேல் நின்று ஏறுங்கள்.

வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொடுத்த 6,500 ரூபாயும் ஞாயிற்றுக்கிழமைகளும் இன்னும் எனக்கு வலிக்கின்றன. சரி, அப்படியானால் உங்களுடையதைக் கொடுங்கள் என்று கேட்டுவிடாதீர்கள். நாளைக் காலை ஐந்தரைக்கு முத்துவுக்கு அது வேண்டும்.