காரைக்குடி லேபுக்கு ஸ்ட்ரெப் குரூப்பிங் கிட் கட்டுபடியாகுமா?

ரத்த அகார் பிளேட்டில் பீட்டா ஹீமோலிசிஸ் காட்டும் (சுற்றியுள்ள சிவப்பணுவை முழுதாகக் கரைக்கும்) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா காலனி எந்தக் குரூப் என்று கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடும் லேடெக்ஸ் (ஆன்டிபாடி பூசிய நுண்மணி) கிட் இது. பெட்டிக்குள் ஏ, பி, சி, டி, எஃப், ஜி என ஆறு குரூப்புக்கும் தனித்தனி லேடெக்ஸ் சொட்டு பாட்டில், என்சைம், பாசிட்டிவ் கன்ட்ரோல், அட்டை, குச்சி. வழக்கமாக 50 டெஸ்ட் வரும்.

ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் (1895–1981) நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் சொட்டு பாட்டிலில் அடைத்திருக்கிறார்கள். செல்சுவரின் கார்போஹைட்ரேட்டைச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிரித்து, முயலிடமிருந்து எடுத்த ஆன்டிசீரத்தோடு (ஆன்டிபாடி உள்ள சீரம்) சேர்த்து, வீழ்படிவு விழுகிறதா என்று பார்த்தார் அவர். ஏ, பி, சி எனக் குரூப் பிரிக்கும் அந்த வகைப்பாடு 1933-இல் வெளிவந்தது. இப்போது அமிலத்துக்குப் பதில் என்சைம், வீழ்படிவுக்குப் பதில் லேடெக்ஸ் மணி. தத்துவம் மாறவில்லை.

செய்முறை சுலபம். 0.4 மில்லி என்சைமில் இரண்டிலிருந்து ஐந்து காலனி வரை கரைத்து, 37 டிகிரியில் 10 நிமிடம் வைக்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் ஒருமுறை நன்றாகக் குலுக்குங்கள்; பலரும் விடுவது இதைத்தான், விட்டால் முடிவு மங்கலாக வரலாம். அட்டையில் குரூப்புக்கு ஒரு வட்டம்; ஒவ்வொன்றிலும் அந்தக் குரூப் லேடெக்ஸ் ஒரு சொட்டு, கரைசல் ஒரு சொட்டு, குச்சியால் பரப்பி ஒரு நிமிடம் சாய்த்துச் சாய்த்து ஆட்டுங்கள். பாசிட்டிவ் என்றால் திரிந்த பால் போல மணி மணியாகப் பிரிந்து, நடுவில் தெளியும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆறு வட்டத்திலும் சேர்ந்தாற்போல் திரிந்தால் கிட் மேல் பழி போடாதீர்கள். பெரும்பாலும் அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற வேறு பாக்டீரியா. அதன் புரோட்டீன் ஏ, எந்தக் குரூப் பாட்டிலானாலும் மணியிலுள்ள ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும். முதலில் கேட்டலேஸ் பாருங்கள் (ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்). காலனியோடு அகார் ரத்தத்தையும் சுரண்டினால் கேட்டலேஸே பொய் சொல்லும், சிவப்பணுவிலும் அந்த என்சைம் உண்டு.

குரூப் ஏ வந்துவிட்டால், வழக்கமான குரூப் ஏ கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்று உடனே ரிப்போர்ட் அடிக்கவும் கூடாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆஞ்சினோசஸ் என்ற இன்னொரு வகையில் சிலதும் ஏ ஆன்டிஜென் வைத்திருக்கும். காலனி குண்டூசி முனையைவிடச் சிறிதாக, பட்டர்ஸ்காட்ச் வாசனையோடு இருந்தால் சந்தேகப்படுங்கள். பி.ஒய்.ஆர். என்ற என்சைம் சோதனை பாசிட்டிவ் என்றால் பயோஜெனஸ், நெகட்டிவ் என்றால் ஆஞ்சினோசஸ் பக்கம். பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக்கின் 0.04 யூனிட் டிஸ்க் மலிவுதான், ஆனால் சி, ஜி குரூப்பில் சிலதுக்கும் டிஸ்கைச் சுற்றி வளராத வட்டம் விழும்.

நம் ஊரில் கிட்டைவிட பிளேட்தான் தலைவலி. ரத்த வங்கியின் காலாவதியான மனித ரத்தத்தில் பிளேட் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அதிலுள்ள ஏ.எஸ்.ஓ. ஆன்டிபாடி (ஸ்ட்ரெப்பின் சிவப்பணு கரைக்கும் நச்சுக்கு எதிரானது) ஹீமோலிசிஸையே மறைத்துவிடலாம். கறிக்கடையில் பிடித்த ரத்தம் கிருமி இல்லாமல் கிடைக்கவே கிடைக்காது. கால்நடை மருத்துவர் செம்மறியின் கழுத்து ரத்தக்குழாயில் எடுத்து, கண்ணாடி மணியில் குலுக்கி ஃபைப்ரின் (ரத்தத்தை உறைய வைக்கும் நார்) நீக்கிய ரத்தம் 5 சதவீதம் சேர்த்தால் போதும். பிளேட்டைக் கேண்டில் ஜாரில் (மெழுகுவர்த்தி ஏற்றி மூடிய ஜாடி) 18 முதல் 24 மணி நேரம் வையுங்கள்.

கிட் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கூரியர் சனிக்கிழமை சாயங்காலம் காரைக்குடி வந்தால் திங்கள் வரை ஆபீஸிலேயே கிடக்கும். செவ்வாய், புதன் கைக்கு வருகிற மாதிரி ஆர்டர் போடுங்கள். உறைந்த ஐஸ் பேக் பாட்டிலோடு ஒட்டிக்கிடந்தாலும் லேடெக்ஸ் உறைந்து கெட்டுவிடும். வந்தவுடன் ஒரு சொட்டு லேடெக்ஸும் ஒரு சொட்டு சலைனும் அட்டையில் கலந்து பாருங்கள்; மணி தெரிந்தால் அந்தப் பாட்டில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

ரேபிட் ஆன்டிஜென் ஸ்ட்ரிப் இருக்க இது எதற்கு என்பார்கள். அது குரூப் ஏ ஒன்றை மட்டும் சொல்லும்; தொண்டை வலியில் சி, ஜி வந்தால் நெகட்டிவ் காட்டிவிட்டுப் போய்விடும். அதே சமயம், எம் டைப் (குரூப் ஏ-யின் உட்பிரிவு) வேண்டும் என்றால் இந்தக் கிட்டிலும் வராது. அதற்கு எம் ஜீனைச் சீக்வென்ஸ் செய்ய வேண்டும். 200-க்கும் மேற்பட்ட டைப் இருக்கின்றன.

கல்ச்சர் நிறைய வரும் மருத்துவமனை லேபுக்கு முழுப் பெட்டி தாராளமாக வாங்கலாம். சின்ன லேபில் எஃப் பாட்டில் மூடி திறக்காமலே காலாவதியாகும். ஏ, சி, ஜி மட்டும் தனி ரீஃபில் பாட்டிலாக, என்சைமோடு கேட்டுப் பாருங்கள். பிரசவ வார்டு ஸ்வாப் வருகிற இடமென்றால் பி-யும் சேர்த்துக்கொள்ளுங்கள்.