"பின்பக்கமெல்லாம் காட்ட மாட்டோம், மேடம்"

சென்னையில் குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) கண்காட்சி என்றதும் ஊருக்குப் போகும் தேதியையே அதற்குத் தகுந்தாற்போல மாற்றிக்கொண்டேன். அத்தை பேரனின் காதுகுத்தும் அதை ஒட்டியே அமைந்தது, நல்லவேளை. விமானம், வண்டி, டிக்கெட், ஹாலில் ஏசி எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாவது வரிசையில், பழைய காஞ்சிப் பட்டுகளை வெட்டித் தைத்த ஒரு பெரிய குவில்ட். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றி நீள நீளத் துண்டுகள் படிப்படியாக விரியும் 'லாக் கேபின்' கட்டங்கள். பட்டில் இதைச் செய்வது லேசான வேலை இல்லை. பட்டு வழுக்கும், வெட்டிய ஓரம் பிசிறு விடும், பழைய ஜரிகை மடிப்பில் முறியும். ரவிக்கைக் கழுத்துக்கு வைப்பதுபோல அடியில் கேன்வாஸ் ஒட்டியிருக்கிறாரா என்று தொட்டால் சொல்லிவிடலாம். தொடக்கூடாது, சரி. ஆனால் கையால் போட்ட தையலா, மெஷினா என்று பின்பக்கம் பார்த்தால் தெரிந்துவிடுமே.

பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் நின்றாள். கல்லூரி வயசு இருக்கும்.

"கொஞ்சம் மூலையைத் தூக்கிக் காட்டறியாம்மா?"

"பின்பக்கமெல்லாம் காட்ட மாட்டோம், மேடம்."

"ஏம்மா?"

"ரூல்ஸ், மேடம். வேணும்னா கோஆர்டினேட்டர் சாரைக் கேளுங்க."

சார் சாப்பிடப் போயிருந்தார். மணி பதினொன்றரை.

இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குவில்ட் மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது தையல்தான். மேலே எவ்வளவு ஜோடனை வேண்டுமானாலும் செய்யலாம், அடியில் தப்பிக்க முடியாது. கை பழகியவர் முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து ஒளித்துவிடுவார். அவசரக்காரர் போட்ட முடிச்சு அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். தைத்தவர் பெயர், ஊர், வருஷம் எழுதிய துணிச்சீட்டைத் தைத்து வைப்பதும் வழக்கமாகப் பின்பக்கத்துக் கீழ்மூலையில்தான். இங்கே முன்னால் ஒட்டியிருந்த அட்டையில் தலைப்பும் நீள அகலமும் மட்டும் இருந்தன. அத்தனை பட்டையும் வெட்டித் தைத்த மகராசி யார் என்று தெரியவேண்டுமானால் அதற்கும் பின்பக்கம்தான் போகவேண்டும்.

நான் இருக்கும் ஹூஸ்டனில், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் இலையுதிர் காலத்தில் பெரிய குவில்ட் விழா நடக்கும். அங்கேயும் தொடக்கூடாதுதான். கையில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் துணிக்கு ஆகாது. ஆனால் வரிசைகளுக்கு நடுவே வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள், பாதிப்பேர் பாட்டிமார்கள். நாம் குனிந்து எட்டிப்பார்ப்பதைப் பார்த்தாலே வந்து மூலையைத் தூக்கிக் காட்டுவார்கள். அடியில் நூலின் நிறத்தை மாற்றியிருப்பதைச் சுட்டிக்காட்டி, நமக்கு முன்னால் அவர்களே வியப்பார்கள்.

சரி, ஹூஸ்டனை விடுங்கள். தி.நகரில் ஏதாவது ஒரு புடவைக்கடையில் போய் உட்காருங்கள். "வாங்காட்டியும் பரவாயில்லம்மா, பாருங்க" என்று எடுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். முந்தியை விரித்து, உடம்பைக் காட்டி, நாம் வாய் திறக்கும் முன்பே திருப்பிப் போட்டு, "பின்னாடி பாருங்க, நூல் தொங்காது" என்பார்கள். பத்து ரூபாய்க்கு வாங்காமல் எழுந்தாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைப்பார்கள். அதே ஊரில்தானே இந்த ஹாலும் இருக்கிறது? துணியைத் திருப்பிக் காட்ட இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியிலிருந்து யாராவது வந்து சொல்லித்தர வேண்டுமா? அமெரிக்காவிலிருந்து 'தொடாதீர்கள்' பலகையை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, கையுறையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

"விடுடி, இந்த வெயில்ல இதை யார் போத்திக்கப்போறாங்க" என்று அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மற்றவற்றில் மயிலும் கோபுரமும் யானையும் அளவுக்கு மீறி இருந்தன. இரண்டு மட்டும் மனசில் நிற்கின்றன. ஒன்று, காவி நிறத் துணியில் வெள்ளை நூலால் போட்ட சிக்குக்கோலம். ஒட்டுத்துணியே கிடையாது, கோடு முழுக்கத் தையல்தான். இன்னொன்று மதுரைச் சுங்குடியில் வெட்டிய அறுகோணப் பூக்கள். ஒவ்வொரு அறுகோணத்துக்கும் நட்டநடுவில் ஒரே ஒரு சுங்குடிப் புள்ளி விழும்படி வெட்டியிருந்தார். அதற்கு எவ்வளவு துணி வீணாகியிருக்கும் என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஒரு குறை. துணியை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கிற வேலையை நம்மவர்கள் கோயில் தேர்களில் குழாய்போலத் தொங்கும் துணித் தொம்பை தைப்பதில் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இன்றும் தைக்கிறார்கள். அத்தனை பெரிய ஹாலில் ஒரு தொம்பைகூடத் தொங்கவில்லை. பேட்ச் ஒர்க் என்றால் வெளிநாட்டு வித்தை என்று யார் முடிவு செய்தது?

கடைசி வரிசை விற்பனைக் கடைகள். வங்காளத்துக் காந்தா, ஜெய்ப்பூர் ரஜாய் என்று நம் நாட்டுத் தையல் போர்வைகள் எல்லாம் இருந்தன. ஒரு கடை ஓரத்தில் மடித்து வைத்திருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கவண்டி. கர்நாடகத்தில் ஹளியாள், யெல்லாப்பூர், முண்டகோடு பக்கத்துக் காட்டுக் கிராமங்களில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் குவில்ட். போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இவர்களில் பலர்.

கடையில் இருந்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். "நின்னுக்கிட்டே பாக்கறீங்களேம்மா, உக்காருங்க" என்று ஸ்டூலை நகர்த்தினார். கவண்டியை எடுத்து ஒரு உதறு, மேசை முழுக்க விரிந்தது. நான் கேட்கவே இல்லை. "பின்னாடியும் பாத்துருங்க" என்று திருப்பிப் போட்டார். முன்பு புடவைக்கடையில் இருந்தாராம். அதானே!

மேல்பக்கம் பழைய சட்டை, பாவாடை, ரவிக்கைத் துண்டுகள். எல்லாம் கந்தல், எல்லாம் பளிச். நான்கு மூலையிலும் துணியை அடுக்கடுக்காக மடித்துத் தைத்த சின்ன முக்கோணப் பூ. அது இல்லாவிட்டால் கவண்டி நிர்வாணமாக இருப்பதுபோல என்பார்களாம் அந்தப் பெண்கள். அடியில் ஒரு சாயம் போன பருத்திப் புடவை, கரையோடு. அதன்மேல் ஓட்டுத்தையல் வரிகள் மட்டும். கவண்டியை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்ளே தைத்துக்கொண்டு போவார்கள். முன்பக்க வண்ணத்தில் அது கண்ணுக்கே படாது. பின்பக்கத்தில் கட்டத்துக்குள் கட்டமாக வரிகள் இறங்கி நடுவில் போய் முடிந்தன. ஓரிடத்தில் நூல் தீர்ந்து வெள்ளையிலிருந்து சிவப்புக்கு மாறியிருந்தது.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்களும், அடிமைகளின் வழிவந்தவர்கள்தான், வயல்வேலைக்குப் போட்டுக் கிழிந்த உடுப்புகளில் இப்படித்தான் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அவற்றைச் சுவரில் மாட்டினார்கள். 2006இல் அமெரிக்கத் தபால்தலையிலும் வந்தன. இங்கே கவண்டி மேசை ஓரத்தில் மடங்கிக் கிடக்கிறது. தைத்தவர் பெயர் கேட்டேன், ஊர்ப் பெயர் மட்டும்தான் கிடைத்தது. பேரம் பேச மனசு வரவில்லை, சொன்ன விலைக்கே வாங்கினேன். அத்தை வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது அந்த மனிதரிடம், "அண்ணே, இரண்டாவது வரிசையில ஒரு பட்டு குவில்ட் இருக்கு, வந்து மூலையைத் தூக்கிக் காட்டுங்களேன்" என்றேன். சிரித்தார். "அது நம்ம சரக்கு இல்லியேம்மா."

வாசலில் கருத்து கேட்டு ஒரு கியூஆர் பலகை வைத்திருந்தார்கள். ஒரு டஜன் வெள்ளைக் கையுறை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அட்டையில் தைத்தவர் பெயரைப் போடுங்கள் என்று மெனக்கெட்டுத் தட்டினேன். அனுப்பு என்றதும் ஓடிபி கேட்டது. இந்திய எண்ணுக்கு மட்டும்தான் வருமாம்.