முள்ளைத் திருத்தக் கொடுத்தேன், கிலோமீற்றரும் போனது

மட்டக்களப்பில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள், மீற்றர் திருத்தக் கொடுக்கும் முன் இதை ஒருதரம் வாசியுங்கள்.

என்னுடையது அப்பா ஓடிய ஹொண்டா சிடி 125. கொஞ்சக் காலமாக முள் வேகத்தைக் கூட்டிக் காட்டியது. முள் 60-இல் நிற்கும்போது போனில் ஜிபிஎஸ் 45 என்கிறது. எந்த மீற்றரும் உள்ள வேகத்தைவிடச் சற்றுக் கூட்டித்தான் காட்டும், ஆனால் இவ்வளவு இல்லை. கல்முனை றோட்டில் ஆரையம்பதிப் பக்கம் கிலோமீற்றர் கல்லுக்குக் கல் பார்த்துக்கொண்டே போனேன். முள்தான் பிழை. கீழே உருளும் கிலோமீற்றர் எண்கள் கல்லோடு அச்சொட்டாகப் பொருந்தின.

விஷயமே இதில்தான் இருக்கிறது. முன் சில்லிலுள்ள பற்சக்கரம் மீற்றர் வயரை, அதாவது உறைக்குள் இருக்கும் கம்பியை, சுழற்றும். வயர் மீற்றருக்குள் போகும். அங்கே எண்களைப் பற்சக்கரங்கள் நேராக உருட்டும். முள்ளுக்கு அந்தத் தொடுப்பு இல்லை. ஒரு காந்தம் சுழன்று, தொடாமலே ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். தலைமயிர் போன்ற ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்குப் பிடிக்கும். ஆகவே எண்கள் சரி, முள் மட்டும் பிழை என்றால் கோளாறு மீற்றருக்குள்தான். வயருக்கும் சில்லுக்கும் அதில் பங்கில்லை.

நகரிலுள்ள ஒரு கராஜில் இதைச் சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தேன். கடைக்காரர் சிரித்தார். “தம்பி, வயர் தேஞ்சு போய்த்து. புதுசு போட்டாச் சரி.” வயர் தேய்ந்தால் முள் துள்ளும், இல்லாவிட்டால் ஒரேயடியாக நிற்கும், ஒழுங்காக 15 கூட்டிக் காட்டாது. சொன்னேன், கேட்கவில்லை.

புது வயரின் மேல் நுனிவரை கிறீஸ் அப்பியிருந்தார். மீற்றரில் நுழையும் பக்கம் நாலைந்து அங்குலம் வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் வயர் சுற்றச் சுற்ற கிறீஸ் மேலேறி உள்ளே போய்விடும். போனது. கல்லடிப் பாலம் தாண்டி வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தும் முள் 20-இலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

திரும்பக் கொண்டுபோனால் சில்லுப் பல்லு என்றார், அதையும் மாற்றினார். அப்புறம் மீற்றரே சரியில்லை என்று ‘ஒறிஜினல் ஜப்பான், புத்தம்புதுசு’ ஒன்றைப் பூட்டினார். எல்லாம் சேர்த்து 14,500 ரூபா.

அந்தப் புத்தம்புதுசை வீட்டில் வெயிலில் வைத்துப் பார்த்தேன். ஓரத்து வளையத்தில் ஸ்குறூ டிரைவர் நெம்பிய தடங்கள், அதன்மேல் கறுப்புப் பெயின்ட். கண்ணாடியில் ஒரு பெருவிரல் அடையாளம். துடைத்தேன், போகவில்லை, அது உட்பக்கத்தில் இருந்தது!

இப்போது எண்களும் பிழை. பத்துக் கல் தாண்டினால் எட்டுத்தான் ஓடுகிறது. வேறு வண்டியின் மீற்றர். வயர் எத்தனை சுற்றுச் சுற்றினால் ஒரு கிலோமீற்றர் என்பது மீற்றருக்கு மீற்றர் மாறும். சில ஜப்பான் மீற்றர்களின் முகத்திலேயே 60 கிலோமீற்றர் வேகத்துக்கு 1400 சுற்று என்று பொடி எழுத்தில் இருக்கும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அதை ஒப்பிட்டிருந்தாலே போதும். அதற்குப் பழையது வேண்டுமே! கேட்டால், “அது குப்பைக்குள்ள போய்த்து” என்கிறார். அந்தக் குப்பை நாளைக்கு இன்னொருவருக்குப் புத்தம்புதுசாகப் போகும் என்றுதான் நினைக்கிறேன்.

பில் கேட்டதற்கு ஒரு துண்டுக் கடதாசியில் ‘மீற்றர் வேலை’ என்றும் மொத்தத் தொகையும் மட்டும் எழுதித் தந்தார். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் சட்டம். பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கொடுப்பதென்றால் முதலில் கல்லோடு எண்களைச் சரிபாருங்கள், மீற்றரின் முகத்தைப் போனில் படம் எடுங்கள், கழற்றும் சாமான் எல்லாம் கையில் வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். சொன்னதும் முகம் சுளிக்கிற கடையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

யாரிடமாவது சிடி 125-இன் பழைய மீற்றர் இருந்தால் அறியத்தாருங்கள். முள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எண்கள் ஓடினால் வாங்கிக்கொள்கிறேன்.